போவதற்கும் இருப்பதற்கும் ஒரே சொல்

1

போன வாரம் என் மகள் நிலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். வகுப்பில் ஆளுக்கு ஓர் ஆங்கிலச் சொல். அதற்கு என்னென்ன பொருள் உண்டு, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்து, வாக்கியங்களோடு எழுதிவர வேண்டும். அவள் தோழிக்கு 'பேங்க்' கிடைத்தது. ஆற்றங்கரையும் அதுதான், காசு போட்டு வைக்கும் இடமும் அதுதான். நிலாவுக்கு வந்தது 'லீவ்'.

"இதுல என்னம்மா இருக்கு? தினமும் காலைல வீட்டை லீவ் பண்றேன். முடிஞ்சுது," என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தேன். "முடியல கண்ணு. இப்பத்தான் ஆரம்பம்," என்றேன்.

எங்களைப் பற்றி, ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, மழைக்குப் பேர்போன ஒரு சின்ன ஊரில். நான் இங்கே ஓர் அரசு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் ரகுவுக்குக் கணினி வேலை. நிலாவுக்கு ஒன்பது வயது. நான் பிறந்து வளர்ந்தது கிழக்குத் தாம்பரம் தாண்டி, சேலையூரில். அம்மா இன்னும் அங்கேதான், அதே வீட்டில் தனியாக இருக்கிறாள்.

நிலாவுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அவளுக்குச் சுருக்கிச் சொன்ன இடங்களை இங்கே சுருக்காமல் சொல்கிறேன்.

2

தாம்பரத்தில் எங்களுக்கு 'லீவ்' என்ற சொல்லே கிடையாது. 'லீவு'தான். கடைசியில் ஒரு உகரம் சேர்த்ததும் அது தமிழாகிவிட்டது. லீவு விடுவார்கள், லீவு போடுவோம், லீவு கேட்போம், லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போவோம். டிசம்பரில் இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெயர் கீழே ஓடுகிறதா என்று பார்த்திருப்போம். இப்போது செங்கல்பட்டு; அப்போது நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். பெயர் வந்துவிட்டால் தெருவில் நான்கு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் கூச்சல் கேட்கும்.

'லீவ்' என்றால் கிளம்புதல் என்றும் ஒரு பொருள் உண்டு என்பது ஆங்கிலப் பாடத்தில்தான் தெரியும். வீட்டில் யாரும் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வாசற்படி இறங்க முடியாது. "வரேன்னு சொல்லு" என்று அம்மா பின்னாலேயே வந்து திருத்துவாள். நிலா இங்கே தினமும் பையை மாட்டிக்கொண்டு "அம்மா, போறேன், பை" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். முதலில் நானும் திருத்திப் பார்த்தேன். "திரும்பி வரப்போறேன்னுதான் உனக்குத் தெரியுமே, எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்டாள். விட்டுவிட்டேன்.

இங்கே வந்தபிறகு அந்தச் சொல் பெருகிக்கொண்டே போனது. பிள்ளை பெற்றால் ஒரு லீவ். வீட்டில் சாவு, சீக்கு என்றால் 'கம்பாஷனேட் லீவ்', அதாவது கருணை விடுப்பு. கிரிக்கெட்டில் பந்தை அடிக்காமல் விடுவதற்கும் லீவ் என்று ரகு சொல்கிறார். அதை நன்றாகச் செய்தால் கைதட்டுகிறார்களாம். இறந்துபோகும்போது ஒருவர் பிறருக்கு விட்டுச் செல்வதற்கும் இதே சொல்தான். இந்த நாடே ஒருமுறை இந்தச் சொல்லுக்கு ஓட்டுப் போட்டு, பக்கத்து நாடுகளோடு இருந்த கூட்டமைப்பைவிட்டு விலகிக்கொண்டது. அதற்கெல்லாம் மேலாக, எங்களைப் போல வந்தவர்கள் இங்கே தங்குவதற்கு அரசாங்கம் தரும் அனுமதிக்கும் பெயர் லீவ். 'லீவ் டு ரிமெய்ன்'. இருப்பதற்கான லீவ்.

3

ஐந்து வருடம் இங்கே வேலை செய்து, இந்த நாட்டு அரசர்களையும் போர்களையும் மனப்பாடம் செய்து ஒரு தேர்வும் எழுதினால், நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். அதற்கு 'இண்டெஃபினிட் லீவ்', அதாவது காலவரையற்ற அனுமதி, என்று பெயர். போன வருடத்துக்கு முந்தைய நவம்பரில் நாங்கள் விண்ணப்பித்தோம். விரல் ரேகை கொடுத்துவிட்டு வந்த அன்று அம்மாவை அழைத்துச் சந்தோஷமாகச் சொன்னேன்.

"அம்மா, இண்டெஃபினிட் லீவுக்கு அப்ளை பண்ணிட்டோம். கிடைச்சுட்டா அப்புறம் எந்தக் கவலையும் இல்ல."

என் அம்மா ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது பேரின் லீவை நிர்வகித்தவள். கேஷுவல் லீவு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும்.

"நீயா கேட்டியா, அவங்களா கொடுக்குறாங்களா?" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது.

"நாமதாம்மா கேக்கணும்."

"எதுக்குடி கேக்குற? நல்ல வேலையாச்சே! இண்டெஃபினிட்டா லீவு போடுறவங்கள எல்லாம் நான் பார்த்திருக்கேன். அது எதுல போய் முடியும்னு எனக்குத் தெரியும். உடம்பு ஏதாவது சரியில்லையா? ரகுவுக்குத் தெரியுமா?"

விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் நான் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. புரிந்தபிறகும் அம்மாவுக்கு ஒப்பவில்லை. "இருக்கறதுக்கு எதுக்கு லீவு? வேலைக்கு வராம இருக்கறதுக்குத்தானே லீவு?" என்றாள்.

விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். முடிவு வர மாதங்கள் ஆகலாம். படித்தோம், சரி என்றோம். குளிர்காலத்தில் எங்கே போகப்போகிறோம் என்று நினைத்தோம்.

4

டிசம்பரில் சேலையூரில் விடாத மழை. பள்ளிகளுக்கு லீவு விட்டிருந்தார்கள். அன்று காலை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டிருக்கிறாள்.

நான்கு வீடு தள்ளி என் பள்ளித் தோழி ஜெசிந்தா இருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தோம், ஒரே மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போனோம். நான் கடல் தாண்டி வந்தேன். அவள் தெருவைக்கூடத் தாண்டாமல் அங்கேயே கல்யாணமாகி, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறாள். சாதாரண நாளாக இருந்தால் அந்த நேரத்துக்கு அவள் பள்ளியில் இருப்பாள். மழை லீவு என்பதால் வீட்டில் இருந்தாள். அம்மாவுக்குச் சுடச்சுட இட்லி கொடுக்க வந்தவள், சத்தம் கேட்டு, வைத்திருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

எனக்கு அவள் ஃபோன் செய்தபோது அம்மா குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் இருந்தாள். இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை உடனே செய்ய வேண்டும்.

நான் வேலையில் இருந்தேன். என் மேலாளர் ஹெலன் என் முகத்தைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "கருணை விடுப்பு எடுத்துக்கொண்டு இன்றைக்கே கிளம்பு," என்றார். கிளம்ப முடியாது என்று நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. விமானச் சீட்டும் கிடைக்கும். ஆனால் எங்கள் பழைய விசா முடிந்துவிட்டது; போனால் ஐந்து வருட உழைப்பு போகும். என்னுடையது மட்டுமில்லை, என் விண்ணப்பத்தைச் சார்ந்திருந்த ரகுவுடையதும் நிலாவுடையதும் சேர்ந்து போகும். நான் லீவ் செய்தால் என் லீவ் போய்விடும். இதை ஆங்கிலத்தில் அவரிடம் சொல்லும்போது சொல் குழறி, எந்த லீவ் எந்த லீவ் என்று எனக்கே தெரியாமல் போய், அழுதுவிட்டேன்.

ஹெலன் என் தோளில் கை வைத்தபடி நின்றார். "உன் விடுப்பு உனக்காக அப்படியே இருக்கும். என்றைக்கு முடிவு வருகிறதோ அன்றைக்கு எடுத்துக்கொள். அதுவரை உன் ஃபோன் எப்போது அடித்தாலும் வெளியே போய்ப் பேசு. உன் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்," என்றார். சொன்னபடியே அந்தக் குளிர்காலம் முழுக்கச் செய்தார்கள். என் மேசையில் இரத்த மாதிரிக் குழாய்கள் ஒருநாளும் தேங்கி நின்றதில்லை. யார் செய்தார்கள் என்று யாரும் சொன்னதும் இல்லை.

அன்று மாலை போகலாமா வேண்டாமா என்று ரகுவும் நானும் மாறிமாறிப் பேசினோம். "எல்லாம் போனா போகட்டும், நீ கிளம்பு," என்றார் ரகு. நான் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அப்போது ஜெசி வீடியோவில் வந்தாள். பக்கத்தில் அம்மா, மூக்கில் குழாயோடு.

"அவளை வர வேணாம்னு சொல்லு," என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல் ஜெசியிடம். பிறகு திரையைப் பார்த்து, "சாங்ஷன் ஆகாம ஸ்டேஷனை விட்டுக் கிளம்புறது ரொம்பத் தப்பு. வராத," என்றாள், வேலை பார்க்கும் ஊரை ஸ்டேஷன் என்று சொல்லும் தன் அலுவலக பாஷையில்.

ஜெசி ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள். "நான் இருக்கேன்டி. பெட்டியை உள்ள வை."

5

அம்மாவோடு எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஜெசி இருந்தாள். அவள் கணவர் ஒரகடத்தில் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அவர் விடுவித்தால் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவாள். "உனக்கு ஸ்கூல் இல்லையா?" என்று கேட்டேன். "லீவு போட்டிருக்கேன்," என்றாள். எத்தனை நாள் என்று கேட்டால் பேச்சை மாற்றினாள்.

அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது அவள் நடைவழியில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். நான் அழுதுகொண்டே இருந்தேன். என்னைத் திசைதிருப்பத்தான் அந்தச் சொல்லை எடுத்தாள் என்று இப்போது புரிகிறது. அவள் சிறு வயதிலிருந்தே அகராதி படிக்கிறவள். மற்றவர்கள் தொடர்கதை படிப்பது மாதிரி படிப்பாள்.

"நீ அங்க இருக்கறதுக்குப் பேரும் லீவு, அங்கேருந்து கிளம்புறதுக்குப் பேரும் லீவு. ஒண்ணு வேணும்னா இன்னொண்ணு கூடாது. என்னா பாஷைடி இது?" என்றாள்.

"கிண்டல் பண்ணாத ஜெசி."

"கிண்டல் இல்ல. நெஜமாவே அது ரெண்டு சொல்லு. ஒரே மாதிரி ஆயிடுச்சு, அவ்ளோதான். நம்ம லீவு லெட்டர்ல 'கிராண்ட் மீ லீவ்'னு எழுதுவோமே, அந்த லீவ் அனுமதி. லவ், பிலீவ் எல்லாம் அந்தக் குடும்பந்தான். ஒருத்தர் மேல பிரியம் இருந்தா, நம்பிக்கை இருந்தா, சரின்னு சொல்லுவோம் இல்ல? அது."

"அப்ப கிளம்புறது?"

"அது வேற வேர். அதுக்கு மொத அர்த்தம் கிளம்புறதே இல்லடி. மிச்சம் வைக்கிறது, இருக்க விடுறது. ஜெர்மன்ல அதே வேர்லேருந்து வந்த சொல்லுக்கு இன்னிக்கும் 'தங்கறது'ன்னு அர்த்தம். லைஃப்கூட அந்த வேர்தானாம். ஒருத்தன் போனா எதையோ விட்டுட்டுத்தானே போவான்? கடைசில விட்டுட்டுப் போனதை மறந்துட்டாங்க, போனது மட்டும் நின்னுடுச்சு."

எனக்குத் தமிழில் 'விடு' ஞாபகம் வந்தது. விடுவது, விடுமுறை, விடைபெறுவது. 'வீடு' என்பதும் விடு என்பதிலிருந்து வந்ததுதான் என்று எங்கள் தமிழாசிரியர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். அதை ஜெசியிடம் சொன்னேன். "அட, ஆமால்ல!" என்று அவள் குரல் உயர்ந்தது. நடைவழியில் யாரோ "மெதுவாப் பேசும்மா" என்று அதட்டினார்கள். நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்த நேரத்தில் கதவு திறந்து மருத்துவர் வந்தார். ஜெசி ஃபோனை மடியில் கவிழ்த்துவிட்டாள். எனக்கு இருட்டும் பேச்சொலியும்தான் தெரிந்தன. பிறகு அவள் முகம் திரும்ப வந்தது, கண்ணெல்லாம் ஈரமாக.

"நல்லா முடிஞ்சுதாம். நாளைக்கே நிக்க வைப்பாங்களாம்டி."

6

இதுவரை கேட்ட நிலா, "அப்புறம் உனக்கு லீவ் கிடைச்சுது, உடனே நீ லீவ் பண்ணிட்ட, இல்ல?" என்று கேட்டாள். ஒரே மூச்சில் இரண்டையும் சரியாகச் சொன்னாள். அதையே எழுது என்றேன். எழுதினாள். அந்தத் தாளை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம்.

பிப்ரவரியில் மின்னஞ்சல் வந்தது. எங்கள் மூவருக்கும் கிடைத்துவிட்டது. படித்ததும் நான் செய்த முதல் காரியம் ஹெலனின் அறைக்குப் போனது. அவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "போ," என்றார். சேர்த்து வைத்திருந்த என் விடுப்பு, அவர் தந்த விடுப்பு எல்லாம் சேர்த்து நீண்ட விடுமுறையாகக் கொடுத்தார். நிலாவை ரகு பார்த்துக்கொண்டார்.

மீனம்பாக்கத்தில் இறங்கி டாக்சி எடுத்தேன். ஜி.எஸ்.டி. சாலை வழக்கம்போல் அடைத்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா, லீவுல வந்துகினீங்களா?"

"ஆமாங்க."

"எத்தினி நாளு?"

"இருக்குங்க, கொஞ்ச நாள்."

"இருங்க, இருங்க. வெயில் இன்னும் ஆரம்பிக்கல," என்று, தானே அனுமதி கொடுப்பதுபோலச் சொன்னார். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். நான் கட்டிக்கொண்டதும், "மெல்ல, மெல்ல. விழுந்துடப் போறேன்," என்று சொல்லிக்கொண்டே ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்து என் முதுகில் வைத்தாள். எடுக்கவேயில்லை.

7

இரண்டாம் நாள் அம்மாதான் சொன்னாள். "ஜெசிகிட்ட இனிமே ஒரு நாள் லீவுகூட பாக்கி இல்ல. நானே கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். எல்லாத்தையும் எனக்காகப் போட்டுட்டா. ஷைனி பரீட்சைக்குன்னு சேர்த்து வெச்சிருந்தாளாம்."

ஷைனி ஜெசியின் ஒரே மகள், பிளஸ் டூ. கெட்டிக்காரிதான். ஆனால் பரீட்சை என்றால் பயந்து நடுங்குவாள். அரையாண்டுத் தேர்வில் கணக்குத்தாளைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். அதனால்தான் பொதுத்தேர்வு சமயத்தில் அவளோடு இருக்க ஜெசி லீவு சேர்த்து வைத்திருந்தாள். இப்போது லீவும் இல்லை; போதாததற்குப் பெரும்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் தேர்வு மேற்பார்வை வேலையும் போட்டுவிட்டார்கள். காலையில் சீக்கிரமே போக வேண்டும். அவள் கணவருக்கும் அந்த மாதம் காலை ஷிஃப்ட்.

அன்று மாலை ஜெசி வீட்டுக்குப் போனேன். "ஷைனியை நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"உனக்கு எதுக்குடி கஷ்டம்? அம்மாவைப் பாரு."

"அம்மா நல்லா நடக்குறாங்க. எனக்கு லீவு இருக்கு. உனக்கு இல்ல. அவ்ளோதான்."

அவள் மறுத்துப் பேச வாயெடுத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு களைப்பாக அவளை நான் பார்த்ததே இல்லை. "சரி," என்றாள்.

தேர்வு மையம் குரோம்பேட்டையில். முதல் இரண்டு தேர்வுக்கும் ஷைனி ஆட்டோவில் பேசாமல் வந்தாள், பேசாமல் உள்ளே போனாள். கணக்குத் தேர்வன்று கேட்டுக்கு எதிரே இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"ஆன்ட்டி, என்னால முடியாது. ஒண்ணுமே ஞாபகம் இல்ல. வீட்டுக்குப் போயிடலாம்."

ஜெசியைக் கூப்பிட முடியாது. தேர்வறையில் இருப்பவளிடம் ஃபோன் இருக்காது. சுற்றிலும் பெற்றோர் பிள்ளைகளுக்குத் திருநீறு பூசிக்கொண்டும், தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டும், கடைசி நிமிடச் சூத்திரங்களைச் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். தைரியமாக இரு, எல்லாம் வரும் என்று சொல்லத்தான் எனக்கும் வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது வேண்டாம் என்று தோன்றியது.

"சரி, போயிடலாம்," என்றேன்.

அவள் நம்பவில்லை. "நெஜமாவா?"

"நெஜமாத்தான். உனக்கு முடியலன்னா போயிடலாம். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் இப்படி உக்காருவோம், அப்புறம் ஆட்டோ பிடிக்கலாம்."

வேப்ப மரத்தடியில் ஒரு சிமெண்டுத் திட்டு இருந்தது. உட்கார்ந்தோம். படப்பையிலிருந்து பெண்ணைக் கூட்டி வந்திருந்த ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். ஷைனி குடித்தாள். இங்கிலாந்தில் பனி எப்படி இருக்கும் என்று கேட்டாள். ஃப்ரீசரைச் சுரண்டினால் வருமே, அது மாதிரிதான், அழகாகவெல்லாம் இருக்காது என்றேன். லேசாகச் சிரித்தாள். என் கையைப் பிடித்திருந்த அவள் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாவது தெரிந்தது.

முதல் மணி அடித்தது. ஷைனி எழுந்து நின்றாள். நானும் எழுந்தேன், ஆட்டோ எந்தப் பக்கம் கிடைக்கும் என்று பார்த்தேன். அவள் ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டு, சாலையைக் கடந்து கேட்டுக்குள் போய்விட்டாள்.

பாதியில் எழுந்து வந்துவிடுவாளோ என்று அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். படப்பை அம்மா தன் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன். கடைசி மணி அடித்துக் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வரும்வரை ஷைனி வரவில்லை. வந்தபோது விரலெல்லாம் மை. "முழுசா எழுதிட்டேன் ஆன்ட்டி. ஒரு கணக்கு மட்டும் டவுட்," என்றாள்.

மாலையில் ஜெசி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "போயிடலாம்னா சொன்ன? அவ சரின்னு வந்திருந்தா?"

"கூட்டிட்டு வந்திருப்பேன்."

"நான் சொல்லியிருக்க மாட்டேன்டி," என்றாள். எழுந்து போய்க் காபி போட்டாள். குளியலறைக் கதவைத் திறந்தது, நடைவழியில் விழித்திருந்தது, சேர்த்து வைத்த லீவையெல்லாம் என் அம்மாவுக்குக் கொடுத்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து அப்போது நன்றி சொல்ல ஆரம்பித்தேன். "தேங்க்ஸ் கீங்க்ஸ்னு சொன்னா டம்ளரைத் தூக்கி அடிப்பேன்," என்றாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைசித் தேர்வு ஒரு சனிக்கிழமை முடிந்தது. அன்று சாயங்காலம் அவளிடமிருந்து ஃபோன்.

"நாளைக்குக் காலைல வருவியா?"

"நாளைக்கு என்ன எக்ஸாம்? எல்லாம் முடிஞ்சுதே ஜெசி?"

"எக்ஸாம் இல்ல. பூசைக்குப் போயிட்டு வந்து வீட்லதான் இருப்பேன். சும்மா வா. அம்மாவையும் கூட்டிட்டு வா."

மறுநாள் அம்மாவின் வேகத்துக்கு நடந்து நாங்கள் நான்கு வீட்டைக் கடந்தோம். ஜெசி கதவைத் திறந்தே வைத்திருந்தாள். மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்து, பட்டாணி உரித்தோம், பாதியில் அதையும் விட்டுவிட்டோம். அன்று பொழுது சாயும்வரை நாங்கள் யாரும் ஒரு வேலையும் செய்யவில்லை.